என் எடைக்குச் சீனி

எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. இப்போது இல்லை. இதைச் சொன்னால் உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், மீதிப் பேர் என்ன மருந்து என்று கேட்பார்கள். மருந்து எதுவும் இல்லை, எடையைக் குறைத்தேன் என்றால் அவர்கள் முகம் தொங்கிப்போகும். ஏதாவது ஒரு வேரையோ இலையையோ சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே போவார்கள். முன்பெல்லாம் இதில் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவது வேறு. யாராவது என் இடுப்பைப் பார்த்து, "நல்லா இளைச்சிட்டீங்க" என்று பாராட்டினால் அங்கே நிற்க முடிவதில்லை.

இதே பாராட்டை என் மனைவிக்கும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

இளைப்பதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. இயந்திரத்துக்கு அடியில் படுத்தால், எழுந்திருக்க இன்னோர் ஆள் கை கொடுக்க வேண்டும். காலையில் ரொட்டி சானாயும் இனிப்புப் பால் தேநீரான தே தாரேயும் முடித்திருப்பேன். அதன் பிறகும் யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்டால், ஆறியாச்சு என்று சொல்ல மனம் வராமல் அவர்களோடு உட்கார்ந்து இன்னொரு முறை பசியாறுவேன். இனிப்பு நீர் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாத்திரைதான் போடுகிறோமே, பிறகென்ன என்கிற தைரியம். எங்கள் ஆட்களில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியப்படுவார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கலாம்" என்று கிண்ணத்தை நீட்டுகிற கூட்டம் நாங்கள்.

என் அப்பா இந்த வியாதிக்கு முதலில் விரலைக் கொடுத்தார், பிறகு காலைக் கொடுத்தார், கடைசியில் தன்னையே கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. என் பாதத்தில் ஒரு கொப்புளம் வந்து ஆறாமல் கிடந்தபோதுதான் பயம் வந்தது. அரசாங்கக் கிளினிக்கில் இருந்த மலாய்க்கார டாக்டர் அம்மா புண்ணைப் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார். "புண் ஆறிடும். ஆனா நீங்க எடையை நல்லா குறைச்சா, இந்த நோயே அடங்கிப் போக வாய்ப்பிருக்கு. மாத்திரை இல்லாமலும் இருக்கலாம். எல்லாருக்கும் நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்று மலாயில் நிதானமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். மிஷினை நிறுத்திவிட்டு ஒரு விஷயத்தைக் கேட்கிறாள் என்றால் அது பெரிய விஷயம். கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

"காஹாங் அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். உங்க மாத்திரை நின்னுச்சுன்னா உங்க எடைக்கு எடை சீனி கொடுக்கிறேன்னு."

"சீனியா? வேற எதுவும் கிடைக்கலையா உனக்கு?"

"எது உங்களைப் பிடிச்சுதோ அதைத்தானே திருப்பிக் கொடுக்கணும்" என்றாள்.

அவள் காஹாங்கில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டத்து மாரியம்மன் அவளுக்குச் சொந்தக்காரி மாதிரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்கிற கோபத்தில் பல வருடங்கள் அந்த அம்மனோடு பேசாமல் இருந்தவள், எனக்காகப் போய்ப் பேசியிருக்கிறாள். அதனால் நான் மேலே கிண்டல் செய்யவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் மாறிப்போனது. கையளவு சோறு, தட்டு நிறையக் கீரை, குழம்பில் எண்ணெய் மிதக்காத மீன். கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத வெறும் கறுப்புக் கோப்பி. முதல் வாரம் அதைக் குடிக்கும்போதெல்லாம் யாரையாவது அடிக்கலாம் போல இருந்தது. சாயங்காலம் தாமான் திடலைச் சுற்றி நடப்போம். நான் முனகிக்கொண்டே நடப்பேன், அவள் பக்கத்தில் வளவளவென்று பேசிக்கொண்டே வருவாள். கொஞ்சம் கொஞ்சமாக என் கால்சட்டைகள் இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கின. அவள் அவற்றைப் பிடித்துத் தைத்தாள். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் பழைய தையலைப் பிரிக்காமல் உள்ளே விட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டதற்கு, "திரும்ப ஏறினா பிரிச்சு விடணுமில்ல, உங்களை நம்ப முடியுமா?" என்றாள்.

சில மாதங்கள் கழித்து என்னோடு கிளினிக்குக்கு வந்தவள், வந்ததே வந்தோம், நாமும் பார்த்துக்கொள்வோமே என்று விரலை நீட்டினாள். அவளுக்கும் இனிப்பு நீர்.

அவள் குண்டே இல்லை. அவள் அம்மாவுக்கும் இந்த வியாதி இல்லை, அப்பாவுக்கும் இல்லை. ஆனாலும் நாங்கள் யாரும் திடுக்கிடவில்லை. ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வியும் எழவில்லை. நம் ஆட்களுக்கு வருவதுதானே, இவளுக்கும் வந்திருக்கிறது. அவளே சிரித்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நமக்கு ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்" என்றாள். காஹாங்கில் இருந்த அவள் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னபோது, அவன், "அலமாக், அக்கா, நீயும் கட்சியில சேர்ந்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்தான். இருமல் சளி மாதிரி அந்த வியாதியை எடுத்துக்கொண்டோம். அது எங்களிடம் அவ்வளவு பழகிப்போயிருந்தது.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்து இளைக்கத் தொடங்கினோம். எனக்குக் கஷ்டப்பட்டு இறங்கியது அவளுக்குச் சும்மா இறங்கியது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ரவிக்கை தைக்க வரும் பெண்கள் அவளைச் சுற்றிவந்து பார்த்தார்கள். "எப்படி அக்கா? கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்களே!" அவளும் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு, தன் ரவிக்கைகளைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டாள். முதலில் அரைச் சோறு வைத்துக்கொண்டவள் பிறகு அதையும் ஒதுக்கினாள். "பசிக்கலைங்க" என்பாள். பார்த்தாயா, வயிறு சுருங்கிவிட்டது, இனிமேல் பசிக்காது என்று நான் பெரிய விஷயம் தெரிந்தவனைப் போல விளக்கம் கொடுத்தேன்.

ஒன்றுதான் புரியவில்லை. என் சர்க்கரை அளவு இறங்கிக்கொண்டே வந்தது. அவளுடையது இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். நான் சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்ப்பதுபோல நடித்து, "எங்க ஒளிச்சு வச்சு திங்கிற? சொல்லிடு" என்று சீண்டுவேன். முதலில் சிரித்தாள். ஒருநாள் சிரிக்காமல், "அம்மன் மேல ஆணையா ஒன்னும் திங்கலைங்க" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போதே அவளுக்கு உடம்பில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

ஒருமுறை டாக்டர் அம்மா அவளுடைய எடையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்களாகவே முயற்சி பண்ணித்தான் குறைக்கிறீங்களா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஆமா டாக்டர், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் குறைக்கிறோம். போட்டி!" டாக்டரும் சிரித்தார். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். சரியான கேள்வி, சரியான நேரத்தில் கேட்கப்பட்டது. நாங்கள் அதற்கு உண்மையான பதிலைத்தான் சொன்னோம் என்று அப்போது நினைத்தோம்.

பிறகு என் மாத்திரைகளை நிறுத்தினார்கள். நிறுத்திச் சில மாதம் விட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். டாக்டர் கையை அசைத்து உட்காரச் சொன்னார். "குணமாயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அது அடங்கியிருக்கு, தூங்குதுன்னு வச்சுக்குங்க. எடை ஏறினா முழிச்சுக்கும். வருஷா வருஷம் வந்து பாத்துக்கணும்" என்றார். என் மனைவி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் செய்து, தராசுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னாள்.

எடைக்கு எடை கொடுக்கிற துலாபாரத்துக்குப் பெரிய கோயில்களில் தட்டு கட்டிய தராசு தொங்கும். அந்தத் தோட்டத்துக் கோயிலில் அதெல்லாம் கிடையாது. அவள் தம்பி, என் மச்சான், செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். குலை வாங்கும் சீனத் தவுக்கே முதலாளியிடம் கேட்டு, குலைகளை நிறுக்கிற பெரிய தராசை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஆள் ஏறி நிற்கிற அளவுக்குப் பலகை, முன்னால் எண் காட்டுகிற கண்ணாடி. அதில் ஒட்டியிருந்த செம்பனை எண்ணெயைத் துடைத்து, கழுவி, பூசாரி மஞ்சளும் குங்குமமும் வைத்தார். நான் வேட்டியோடு அதில் ஏறி நின்றபோது, ஒரு பெரிய குலையை நிறுக்கிறார்கள் என்று மச்சான் சொல்ல, கூட்டமே சிரித்தது.

என் மனைவி மட்டும் சண்டைக்கு நின்றாள். "நான் வேண்டிக்கிட்டப்ப இவரு இதைவிட எவ்வளவோ கனம். அந்தக் கனத்துக்குத்தான் கொடுக்கணும். அம்மனை ஏமாத்தக் கூடாது." இன்றைக்கு நிற்கிற எடைதான் கணக்கு என்றார் பூசாரி. கடைசியில் என் எடைக்குச் சீனிப் பொட்டலங்களை அடுக்கி முடித்த பிறகு, அவள் தன் கையால் மேலும் சில பொட்டலங்களை வைத்தாள். அவை நான் இழந்த எடைக்காம்.

எல்லாம் முடிந்த பிறகு, மச்சான்தான் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, நீயும் ஏறு. உன்னையும் போட்டுப் பாத்துடுவோம்."

"எனக்கெதுக்குடா? நானா வேண்டிக்கிட்டேன் எனக்கு?"

"ஏறுங்க அக்கா லா, உங்க அழகோட ரகசியத்தைப் பாக்கலாம்" என்று பெண்கள் தள்ளிவிட்டார்கள். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மச்சான் குனிந்து எண்ணைப் பார்த்தான். தராசின் பக்கவாட்டில் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தான்.

"தராசு சரியில்ல போல" என்றான்.

"இப்பத்தானே மாமாவுக்குச் சரியா காட்டுச்சு!" என்று யாரோ சொன்னார்கள். "காத்தடிச்சா பறந்துடுவாங்க போல!" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் தராசிலிருந்து இறங்கி, "பாத்தீங்களா, உங்களை ஜெயிச்சிட்டேன்" என்று என்னிடம் கையை விரித்துக் காட்டினாள். மச்சான் மட்டும் சிரிக்காமல் தராசை லோரியில் ஏற்றினான்.

பூசாரி ஒரு சீனிப் பொட்டலத்தைக் குங்குமம் வைத்துப் பிரசாதமாகத் திருப்பிக் கொடுத்தார். நம் வீட்டில் யார் சீனி போட்டுக் குடிக்கப் போகிறார்கள் என்றேன். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வார்களா என்று அதட்டினாள். காரில் வீடு திரும்பும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் இரண்டு மூன்று முறை நெளிந்து உட்கார்ந்து, "முதுகு விட்டுப்போகுதுங்க" என்றாள். நாள் முழுக்க நின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்றேன்.

அந்த முதுகு வலி போகவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு பகலில், ஊசியில் நூல் நுழையவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். சன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு நகர்ந்து, நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையத்தில் புற்று என்றார்கள். கல்லீரலுக்கும் போய்விட்டது. அந்த டாக்டர் எனக்கு ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய உறுப்பு அதுதானாம். அவளுக்கு இனிப்பு நீர் வந்ததே இதனால் இருக்கலாம், எடை இறங்கியதும் பசி நின்றதும் இதனால்தான் என்றார். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வியாதி வேறு, அவள் வியாதி வேறு. என்னை விட்டு நோய் இறங்கிப்போனது. அவளைத் தின்றுகொண்டே உள்ளே ஒரு நோய் ஏறிவந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டுக்கும் நாங்கள் கை தட்டினோம்.

ஒருநாள் வார்டில் டாக்டர் அவளிடம், இனி சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம், ஆசைப்பட்டதைச் சாப்பிடலாம் என்றார். அவர் போன பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்ப முடிஞ்சிடுச்சுங்களா?"

கீழே போய்ச் சீனி போட்ட கோப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மோந்து பார்த்தாள். "ஆறட்டும், அப்புறமா குடிக்கிறேன்" என்றாள். ஆறியது. குடிக்க முடியவில்லை. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஆண்கள் கழிவறையில் நின்று அழுதேன்.

கடைசி நாட்களில் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "நீங்க ஏத்திடாதீங்க. அம்மனுக்குக் கொடுத்த கணக்கு தப்பாயிடும்." சரி என்றேன்.

அவளை எடுத்துப்போன அன்று, வாசலில் ஆட்கள் நிற்கும்போதே மச்சான் என் முன்னால் வந்து நின்றான். அழுது அழுது அவன் குரல் கம்மியிருந்தது. "பட்டினி போட்டே கொன்னுட்டீங்க மாமா. நீங்க பொழைக்கிறதுக்கு எங்கக்காவைக் காயப் போட்டீங்க." நான் டாக்டர் சொன்னதைச் சொல்லத் தொடங்கினேன். எனக்கே அது வக்கீல் பேச்சாகப் பட்டது. நிறுத்திக்கொண்டேன். அவன் சொன்னது தப்பு என்று என் புத்திக்குத் தெரியும். அதற்காக அவன்மேல் எனக்கு ஆத்திரம் இல்லாமல் இல்லை. அதன் பிறகு மாதக்கணக்கில் அவன் என்னோடு பேசவில்லை. நானும் போன் செய்யவில்லை.

அவளுடைய புடவைகளைக் கோயிலுக்குக் கொடுத்தேன். ரவிக்கைகளைக் கொடுக்க முடியவில்லை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில் தையல்மேல் தையலாக, ஒன்றைவிட ஒன்று உள்ளே தள்ளி ஓடியது. பழைய தையல்களை அவள் தனக்கும் பிரிக்கவில்லை. திரும்ப ஏறினால் விட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாள்.

வருடாந்தரப் பரிசோதனைக்குக் கிளினிக்குக்குப் போனேன். தாதி என்னைத் தராசில் ஏறச் சொல்லி, எண்ணைப் பார்த்துவிட்டு, இன்னும் குறைந்திருக்கிறதே, சபாஷ் என்று மலாயில் பாராட்டினாள். ரத்தமும் நன்றாக இருந்தது. நோய் அடங்கியே இருக்கிறது. டாக்டர் அம்மா கோப்பில் எழுதிக்கொண்டே, "மனைவி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாக, "இந்த முறை நீங்க வேணும்னுதான் குறைச்சீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், சமைக்கிறதில்ல" என்றேன். அன்று எனக்கும் சில படங்கள் எடுக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு நிம்மதி வரவில்லை. வெட்கமாக இருந்தது.

முதல் வருடத் திதிக்கு மச்சானும் அவன் மனைவியும் காஹாங்கிலிருந்து வந்தார்கள். வராமல் இருந்துவிடுவான் என்று நினைத்திருந்தேன். வந்தான். "வாங்க மச்சான்" என்றேன், தலையை ஆட்டினான். அவன் மனைவிதான் சமையலைப் பார்த்துக்கொண்டாள். இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து இலையில் படைக்க வேண்டும். மீன் சம்பால், வாழைக்காய், வடை என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் அவள் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். கோப்பி ஓ கோசோங்.

"அண்ணி இதத்தானே குடிப்பாங்க" என்றாள்.

சரிதான், கடைசி வருடங்களில் அவள் இதைத்தான் குடித்தாள். எனக்குத் துணையாகக் குடித்தாள். பிறகு தனக்கென்று நம்பிக் குடித்தாள். பிடித்துக் குடித்தாள் என்று யார் சொன்னது?

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். மேல்தட்டில் அந்தப் பிரசாதப் பொட்டலம் இருந்தது. குங்குமம் காகிதத்தில் கறுத்துப்போயிருந்தது. பிரித்தேன். ஈரக் காற்றில் சீனி கட்டிப்பட்டிருந்தது. இடிகல்லின் குழவியால் தட்டி உடைத்து, கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வந்து, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கோப்பியில் ஒரு கரண்டி போட்டேன். இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினேன்.

மச்சான் என் பக்கத்தில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"அக்காவுக்கு ரெண்டு பத்தாது மாமா" என்றான். "மூனு போடுங்க."

மூன்றாவது கரண்டியை நான் போட்டபோது கோப்பையின் விளிம்பில் தட்டிக் கொஞ்சம் தரையில் சிந்தியது. அவன் அதை ஒற்றை விரலால் கூட்டி எடுத்து, தானே கோப்பையில் போட்டான். கற்பூரம் காட்டினோம். விழுந்து கும்பிட்டோம். சாமி கும்பிட்டு முடிந்ததும், படைத்ததை வீட்டுக்காரர்கள் சாப்பிட வேண்டும். இலையில் இருந்ததை எல்லாருக்கும் பகிர்ந்தார்கள். கோப்பையை மச்சான் எடுத்து என் கையில் கொடுத்தான். அது ஆறிப்போயிருந்தது. அடியில் கரையாமல் கிடந்த சீனியோடு முழுவதையும் குடித்தேன்.